கட் ஆஃப் குறைந்துவிட்டது: பொறியியலில் எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிளஸ் 2 முடிவு வந்த அன்று மாலைக்குள் வீட்டில் எல்லா மதிப்பெண்ணும் மறைந்து, ஒரே ஓர் எண் மட்டும் மிஞ்சுகிறது. 180 வரும் என்று நினைத்த இடத்தில் 141 வந்திருந்தால், "இதுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. யாரிடமும் சரியான பதில் இருக்காது, ஆனால் எல்லோரிடமும் ஓர் ஆலோசனை இருக்கும். அந்த எண் எதைச் சொல்கிறது, கலந்தாய்வு உள்ளே எப்படி ஓடுகிறது, குறைந்த கட் ஆஃப் உள்ளவர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கட் ஆஃப் என்பது என்ன?

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டு முதல் கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே கணக்கு. கணிதம் 100க்கு அப்படியே வரும்; இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50 ஆகும். மொத்தம் 200.

ஒரு மாணவர் கணிதம் 72, இயற்பியல் 68, வேதியியல் 70 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 72 + 34 + 35 = 141. இன்னொருவர் கணிதம் 60, இயற்பியல் 80, வேதியியல் 70. மூன்று பாடக் கூட்டுத்தொகை இருவருக்கும் 210தான். ஆனால் இரண்டாமவரின் கட் ஆஃப் 60 + 40 + 35 = 135. கணிதத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு மற்ற இரண்டில் இருப்பதைப்போல இரு மடங்கு எடை.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். இந்தக் கணக்கின்படி, கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பாடத்துக்குத்தான் நகல் வாங்க முடியும் என்றால் அது கணிதமாக இருக்கட்டும்.

மதிப்பெண்ணை விடுங்கள், தரவரிசையைப் பாருங்கள்

"போன வருஷம் 141க்கு அந்தக் காலேஜ்ல இசிஇ கிடைச்சுது" என்பார்கள் (இசிஇ என்பது மின்னணு, தொடர்பியல் பிரிவு). போன வருட 141 வேறு, இந்த வருட 141 வேறு.

வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 2024இல் 471 பேர். 2025இல் 3,181 பேர். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட் ஆஃபும் மேலே நகரும். அதே எண்ணை வைத்திருப்பவர் வரிசையில் பின்னால் போவார். கட் ஆஃப் ஒரு டோக்கன் எண் மாதிரி. கடையில் கூட்டம் எவ்வளவு என்பது தெரியாமல் டோக்கனை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதனால் தரவரிசைப் பட்டியல் வெளியானதும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பொதுத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை. கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு இடஒதுக்கீட்டு வகுப்பினருக்கும் கடைசி இடம் எந்த எண்ணில் முடிந்தது என்ற பட்டியல் இருக்கிறது. ஒப்பிட வேண்டியது உங்கள் வகுப்புவாரித் தரவரிசையை, அந்தப் பட்டியலின் தரவரிசையோடு. மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணை அல்ல.

ஒரு எச்சரிக்கை. கணினி சார்ந்த பிரிவுகளுக்கு இந்தப் பழைய எண்களை அப்படியே நம்பக்கூடாது. நல்ல தரத்தில் நடக்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25இல் நீக்கியது. பெயர்பெற்ற கல்லூரிகள் சிஎஸ்இ (கணினி அறிவியல்) இடங்களைக் கூட்டினால், மேலே உள்ள மாணவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். நடுத்தரக் கல்லூரியில் அதே பிரிவு முன்பைவிட வரிசையில் பின்னால் இருப்பவர்களுக்கும் இறங்கி வரும். "கிடைத்துவிட்டதே" என்று மகிழ்வதற்கு முன், ஏன் கிடைத்தது என்றும் யோசிக்கலாம்.

கம்ப்யூட்டர் எப்படி இடம் ஒதுக்குகிறது?

கலந்தாய்வு சுற்றுகளாக நடக்கும். அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்றுகள்; 140ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் இருப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் வருகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நடப்பது இதுதான்:

1. உங்களுக்கு வேண்டிய கல்லூரி, பிரிவு இரண்டையும் சேர்த்து ஒரு விருப்பப் பட்டியலை ஆன்லைனில் நிரப்புகிறீர்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

2. கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கிறது. உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும். இடம் இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும்.

3. தற்காலிக ஒதுக்கீடு வரும். அதை ஏற்பதா, ஏற்றுக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே இருப்பது கிடைத்தால் மாறுவதா, வேண்டாம் என்பதா என்று இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். எதையும் சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும்.

இரண்டாவது படியைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடுமோ?" என்று பலர் நடுங்குகிறார்கள். போகாது. உங்களுக்குப் பின்னால் இருப்பவரை எடுப்பதற்கு முன்பே உங்கள் பட்டியல் முழுவதும் பார்க்கப்பட்டுவிடும். எட்டாத பத்து கல்லூரிகளை மேலே போட்டாலும் பதினொன்றாவது வரிக்கு எந்தச் சேதமும் இல்லை.

நிஜமான ஆபத்து மூன்று. ஒன்று, இருபது வரியோடு பட்டியலை முடித்துக்கொள்வது; கடைசிச் சுற்றில் இது தற்கொலைக்குச் சமம், நூறு வரி போட்டாலும் அதிகமில்லை. இரண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வேண்டாததை வேண்டியதற்கு மேலே போடுவது. மூன்று, பெயர்க் குழப்பம். ஒரே சாமி பெயரில், ஒரே தலைவர் பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கும் ஊர் இது. பெயரைப் பார்த்து அல்ல, கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் பார்த்துத்தான் வரியைச் சேர்க்க வேண்டும்.

கல்லூரியா, பிரிவா?

180க்கு மேல் இருப்பவர்களுக்கு இது ரசனையான விவாதம். அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சுமாரான கல்லூரியில் போய் விழ மாட்டார்கள். 140க்குக் கீழே வரும்போது கேள்வியின் தன்மையே மாறுகிறது. அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான வித்தியாசம், பிரிவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிது. வகுப்பு ஒழுங்காக நடக்கும் கல்லூரியில் சிவில் படித்தவர் நாலு வருடத்தில் பட்டத்தோடு வெளியே வருவார். ஆசிரியர் செமஸ்டருக்கு ஒருமுறை மாறும் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் படித்தவர் ஏழெட்டு அரியரோடு வெளியே வருவார். இந்தக் கட்டுரையின் தரப்பு இதுதான்: குறைந்த கட் ஆஃபில் மிக மோசமான கொள்முதல், பலவீனமான கல்லூரியில் கவர்ச்சியான பிரிவு.

கல்லூரியைக் கணிப்பதற்கு முன் சில சொற்கள்.

என்பிஏ என்பது ஒரு குறிப்பிட்ட பிரிவுக்குத் தரும் அங்கீகாரம். நாக் என்பது மொத்தக் கல்லூரிக்கும் தருவது. விளம்பரப் பலகையில் 'என்பிஏ அங்கீகாரம்' என்று பெரிதாக எழுதியிருந்தால் எந்தெந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். மெக்கானிக்கலுக்கு வாங்கியதைப் புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கும் சேர்த்துக் காட்டுவது சகஜம்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் தரும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகமே தேர்வு நடத்துகிறது. அதனால் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போது கவனம் தேவை. இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. அதில் 35 சதவீதம் எடுத்த கல்லூரியையும் 70 சதவீதம் எடுத்ததையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம், எல்லோரும் ஒரே வினாத்தாளை எழுதியவர்கள். தன்னாட்சிக் கல்லூரி தன் தேர்வில் 95 சதவீதம் என்று சொன்னால் அதை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க முடியாது.

எண்களுக்கு அப்புறம், ஒரு வேலை நாளில் நேரில் போக வேண்டும். ஓப்பன் டே அன்று அல்ல, சாதாரண செவ்வாய்க்கிழமை பிற்பகலில். வொர்க்‌ஷாப்பில் லேத் மெஷினைப் பாருங்கள். அடித்தட்டில் புதிதாகச் சீவிய இரும்புச் சுருள் கிடந்தால் அங்கே யாரோ வேலை செய்கிறார்கள். பெயின்ட் பளபளப்பாக, எண்ணெய்க் கறையே இல்லாமல் நின்றால் அது ஆய்வுக் குழுவுக்காக நிற்கிறது. பிறகு வாசலில் உள்ள டீக்கடையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம், முதல் செமஸ்டர் கணிதத் தாளான எம்-1 பற்றி ஒரே கேள்வி: "எம்-1இல் உங்க கிளாஸ்ல எத்தனை பேர் பாஸ்?" பிளேஸ்மெண்ட் அலுவலகத்தின் பளபளப்புப் புத்தகம் சொல்லாததை அந்தப் பதில் சொல்லிவிடும்.

இன்னொன்று. குறைந்த கட் ஆஃப் உள்ளவர்கள் பலர் தேடாமலே தாண்டிப் போகும் இடம் அரசுப் பொறியியல் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளும். பர்கூர், போடிநாயக்கனூர், செங்கிப்பட்டி ஆகியவை முதல் வகை. திருக்குவளை, அரியலூர், பட்டுக்கோட்டை, ராமநாதபுரம், ஆரணி இரண்டாம் வகை. சென்னை, கோவையிலிருந்து தூரம் என்பதால் இங்கே சிவில், மெக்கானிக்கல் இடங்கள் ஒப்பீட்டளவில் இறங்கி வருகின்றன. கட்டணமோ தனியார் கல்லூரியில் கொடுப்பதில் சிறு பங்கு. ஊர் சிறியது என்பது குறையாகத் தோன்றினால், நாலு வருடக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடி யோசிக்கலாம்.

"கணக்கு வராது, அதனால் கம்ப்யூட்டர்"

குறைந்த கட் ஆஃபுக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் கணிதம்தான், எடை அங்கே இருப்பதால். அந்த மாணவர் எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதல் செமஸ்டரில் எம்-1 காத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அதன் பெயரே அணிகளும் நுண்கணிதமும் என்று இருந்தது. பிளஸ் 2 கணிதத்தின் அணிகள், வகையீடு, தொகையீடு ஆகியவற்றின் மேல்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. அடித்தளம் ஆடினால் அங்கேயே முதல் அரியர்.

அதற்கு மேல் ஒவ்வொரு பிரிவும் கேட்கும் கணக்கு வேறு வேறு:

1. சிஎஸ்இ, ஐடி: தனிநிலைக் கணிதம், நிகழ்தகவு, அல்காரிதம். தொகையீடு குறைவு, தர்க்கம் அதிகம். செயற்கை நுண்ணறிவுப் பிரிவு என்றால் அணிகளும் நிகழ்தகவும் நாலு வருடமும் கூடவே வரும். கணக்குக்குப் பயந்து இதற்குள் ஓடி வருபவர், பயந்ததன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறார்.

2. இசிஇ, ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்): கணிதச் சுமை இவற்றில்தான் அதிகம். சிக்னல்ஸ், மின்காந்தப் புலம், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஆகிய மூன்றும் அரியர் தொழிற்சாலைகள் என்று மாணவர்களே சொல்வார்கள். கணிதத்தில் 50ஐ ஒட்டி எடுத்தவர் "சிஎஸ்இ கிடைக்கல, அதுக்கு அடுத்தது இசிஇ" என்று தானாக இறங்குவதைப் பார்க்கும்போது பதற்றமாக இருக்கிறது.

3. மெக்கானிக்கல், சிவில்: ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ். கணக்கு உண்டு, ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளைப் பற்றிய கணக்கு. விசை எங்கே விழுகிறது, உத்தரம் எங்கே வளைகிறது என்று படம் வரைந்து யோசிக்கத் தெரிந்தவருக்கு இது பிடிபடும்.

கணிதம் குறைந்ததற்குப் புரியாதது காரணமா, பயிற்சி இல்லாதது காரணமா, அன்றைய தேர்வில் நேரம் போதாதது காரணமா என்பதை மாணவர் மட்டுமே சொல்ல முடியும். சோதிக்க எளிய வழி: பிளஸ் 2 கணிதப் புத்தகத்தில் அணிகள் பாடத்திலிருந்து ஐந்து கணக்குகளை, கைடு இல்லாமல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் போட்டுப் பார்ப்பது. மூன்று வந்தால் பயிற்சிதான் குறை. கல்லூரி திறக்கும்வரை உள்ள வாரங்களே அதற்குப் போதும். ஒன்றும் வரவில்லை என்றால் இசிஇ, ட்ரிபிள் ஈ வகையைத் தள்ளி வைப்பது நல்லது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் தோல்வி பல சமயம் கணக்குத் தோல்வியே அல்ல, வினாத்தாளின் ஆங்கிலம். 2010இல் தமிழ்வழியில் சிவிலும் மெக்கானிக்கலும் தொடங்கப்பட்டன. பாடம் புரிந்தும் எழுத வராத நிலையில் இருப்பவர்கள் அந்த இடங்களையும் பட்டியலில் சேர்த்துப் பார்க்கலாம்.

பணக் கணக்கு

தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த ஆண்டுக் கட்டணம் ரூ.50,000, என்பிஏ பெற்ற பிரிவுக்கு ரூ.55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் ரூ.85,000, ரூ.87,000. சிறுபான்மையல்லாத கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. மீதிதான் நிர்வாக ஒதுக்கீடு. பஸ், விடுதி, சாப்பாடு இதில் சேராது. பல கல்லூரிகளில் அதுதான் படிப்புக் கட்டணத்தையே தாண்டும். சேரும் ஆண்டின் கட்டணத்தையும் இந்தத் தனிச் செலவுகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

முடிவு வந்த மறுநாளே "சார், சீட் முடிஞ்சிடும், இன்னைக்கே புக் பண்ணிடுங்க" என்று போன் வரும். குறைந்த மதிப்பெண் எடுத்த வீடுகள்தான் இவர்களின் இலக்கு. நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, கலந்தாய்வின் கடைசிச் சுற்றுக்குப் பிறகும் அதே மாதிரிக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். காலியாகக் கிடக்கப்போகும் இடத்துக்கு முன்பணம் கொடுப்பதில் என்ன அவசரம்?

உதவிகளில் முக்கியமானவை: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இதில் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்களுக்குத் தனித் தரவரிசை என்பதால் 141 அங்கே வேறு உயரத்தில் நிற்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் படிப்புக் கட்டணச் சலுகை. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. சான்றிதழ்களை இ-சேவையில் விண்ணப்பித்து வாங்க நாள் பிடிக்கும் என்பதால் முடிவுக்கு முன்பே தொடங்குவது உத்தமம்.

சுற்று வழிகள்

ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முயலலாமா? மாநிலக் கலந்தாய்வு பிளஸ் 2 மதிப்பெண்ணை மட்டும் எடுப்பதால், தேர்ச்சி பெற்றவர் ஒரு வருடம் காத்திருந்தாலும் அவர் கட் ஆஃப் அதே 141தான், சுற்றியிருப்பவர்கள்தான் மாறுவார்கள். தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதலாம், ஆனால் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரிகளான என்ஐடிகளில் சேரப் பிளஸ் 2வில் 75 சதவீதம் வேண்டும், அல்லது தன் வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65 சதவீதம். இதற்குக் கணக்கில் வருவது கணிதம், இயற்பியல், வேதியியல், ஒரு மொழி, இன்னொரு பாடம் என ஐந்துதான். நம் உதாரண மாணவர் மற்ற இரண்டில் 160 எடுத்திருந்தால் மொத்தம் 500க்கு 370. ஐந்து மதிப்பெண்ணில் 75 சதவீதம் தவறுகிறது. பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் இந்த ஐந்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிப்ளமோ வழி இருக்கிறது. பிளஸ் 2 முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடம் அங்கே, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, மூன்று வருடம். மொத்தம் ஐந்து. ஒரு வருடம் கூடுதல். ஆனால் நடுவில் கையில் ஒரு தொழில் சான்றிதழ் இருக்கும். நல்ல டிப்ளமோ மதிப்பெண் இருந்தால், பிளஸ் 2 கட் ஆஃபில் எட்டாத கல்லூரிக்குள் நுழையவும் முடியும். கணினிதான் வேண்டும் என்பவருக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல், அதன்மேல் இரண்டு வருட எம்சிஏ என்பதும் ஐந்து வருடம்தான். செலவு மிகக் குறைவு.

பிளஸ் 2 மதிப்பெண் பின்னால் எங்கே குறுக்கே வரும்?

வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் "பத்தாவது, பிளஸ் 2, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது" என்று வடிகட்டி வைக்கின்றன. இங்கே பார்ப்பது கட் ஆஃப் அல்ல, 600க்கு எடுத்த மொத்தம். 445 எடுத்தவருக்கு இது 74 சதவீதம், தடையே இல்லை. 345 எடுத்தவருக்கு 57.5, அவர் கல்லூரியில் 8.5 சிஜிபிஏ வாங்கினாலும் சில நிறுவனங்களின் பட்டியலில் பெயர் வராது. இதை இறுதியாண்டில் தெரிந்துகொண்டு அதிர்பவர்கள் உண்டு. முதல் வருடமே தெரிந்திருந்தால், அந்த வடிகட்டி இல்லாத வழிகளுக்கு நாலு வருடம் தயாராகலாம்: முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வு எழுதப் பிளஸ் 2 மதிப்பெண் கேட்பதில்லை, டிஎன்பிஎஸ்சியின் தொழில்நுட்பப் பணித் தேர்வுக்கும் உரிய பிரிவில் பட்டம் இருந்தால் போதும். அந்தத் தேர்வில் உதவிப் பொறியாளர் பணிகளுக்குப் பெரிதும் கேட்கப்படுவது சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ பட்டங்கள்தான்.